இருபது இலக்கம்

சாட்ஸ்வொர்த்தில் இரவு ஒன்பதரை.
மீட்டரில் காசு தீர்ந்தது.
சோறு பாதி வெந்து நின்றது.

ஹாரிஸ்மித் பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்தி
நூறு ராண்டுக்கு மின்சாரம் வாங்கினான் குபேந்திரன்.
டீசல் பிடிக்கும் அவசரத்தில்
கடைக்காரியிடம் போனைக் கொடுத்துவிட்டான்.
அவள் ரசீதை இரண்டிரண்டாக வாசிக்க
நான் காஸ் பில்லின் முதுகில் எழுதினேன்:

8714 2093 6651 3872 9405

மீட்டர் ஏற்கவில்லை.
மெதுவாக அடித்தும் ஏற்கவில்லை.

மறுபடி அழைத்தபோது
அவன் வான் ரீனன் கணவாயில், பனிக்குள் ஓரங்கட்டியிருந்தான்.
குரல் துண்டு துண்டாக வந்தது.
இருபதையும் கேட்டால் நாலு தொலையும்.

"கூட்டி மட்டும் சொல்."
"தொண்ணூறு."
எனக்கும் தொண்ணூறுதான்.
ஒன்பதை நம்பி என்ன பயன்?
இலை மாறி உட்கார்ந்தாலும்
பந்தியில் தலைதான் எண்ணும் அது.

"ஒன்றுவிட்டு ஒன்று கூட்டு. மிச்சத்தைத் தனியாக."
திட்டினான். கூட்டினான்.
"நாற்பத்தைந்து. அதுவும் நாற்பத்தைந்து."
என்னிடம் ஐம்பது, நாற்பது.

பதினொன்று காட்டிக்கொடுத்துவிட்டது.
ஐந்து வித்தியாசத்தில் ஒட்டி நிற்கும் ஜோடி
72 ஒன்று, 94 ஒன்று.
அப்போதுதான் காதில் திரும்ப விழுந்தது அந்தக் கொட்டாவி:
எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னவள்
ஒன்றை மட்டும் தன் வீட்டு ஆஃப்ரிகான்ஸில் சொன்னாள்,
ஏழும் இருபதும் என்று.
நம் இருபத்தேழை
அவர்கள் வாலில் பிடித்துத் தூக்குவார்கள்.

27 அடித்தேன்.
ஃபிரிட்ஜ் செருமிக்கொண்டு எழுந்தது.

சோறு வேகும்வரை பென்சில் சும்மா இருக்கவில்லை.
ஐந்து கழன்றது, பதினொன்று கழன்றது, ஒன்பது கழன்றது.
மிஞ்சியதைக் கூட்டினால் எண்பத்தொன்று:
உள்ளே இன்னொரு ஒன்பது.
அதற்குள்ளும் ஒன்று!
தொண்ணூறு இதை வாய்திறந்து சொல்லவே இல்லை.

முழு எண்ணை ஏழால் வகுத்தேன், மீதி ஒன்று.
பதின்மூன்றால், அதே ஒன்று.
யாருடைய பங்கிலும் சேராத
அந்த ஒன்றை என்ன செய்வது, தெரியவில்லை.

கடைசியில் கையில் நின்றது
2173390539098099.
இருபத்துமூன்றுவரை எதுவும் நுழையவில்லை.
ஒருவேளை பகா எண்.
ஒருவேளை முதுகு ஒட்டிய இரண்டு பூதங்கள்.
மீட்டர் தின்ற எண் இனி எந்த வீட்டிலும் எரியாது;
அதன் வயிற்றில் என்ன இருந்தால் யாருக்கென்ன?

எனக்கு.

போன் மினுங்கியது: கிளம்பிட்டேன்.
மீட்டரில் முப்பத்தெட்டு யூனிட் இருந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
முப்பத்தேழு புள்ளி ஒன்பது.