மூன்றாம் போத்தல்

சேரம்பாடிக்கு மேலே அந்த விடுதியில்
முகத்துக்கு அட்டை விடுகிறார்கள்.
ஒரு தடவைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு,
வரி தனி.

எங்கள் பக்கம் அட்டைக்கா பஞ்சம்?
ஆனி மழையில் பதினாலாம் நம்பர் மலைக்கு வந்து
கொழுந்தெடுக்கிற யாருடைய கணுக்காலையும் பாருங்கள்.
புகையிலையும் சவர்க்காரமும் குழைத்துப் பூசி
இருபது வருசம் விரட்டினேன்.
கடித்தால்தான் அழகு வருமென்றால்
எங்கள் லயத்தில் அத்தனை பேருக்கும்
முழங்காலுக்குக் கீழே ரதி.

அவை ஆகாதாம்.
தரை அட்டை வேறு, குளத்து அட்டை வேறு என்றார்
வைத்தியர் அகத்தீசன்.
இவற்றுக்குச் சான்றிதழ் உண்டு.
திருவாரூர்ப் பக்கத்துக் குளத்திலிருந்து
ஈரச்சாக்கு சுற்றிய பானையில்
ராத்திரி பஸ் பிடித்து மலையேறி வருகின்றன.
வந்த செலவு
என் நாலு நாள் கூலி.

அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும்
செத்தையைத்தான் நாடும் என்பார்கள்.
நான் வைத்துப் பார்த்தவள், சொல்கிறேன்:
நாடவில்லை.
கன்னத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு
தாடை ஓரமாய் இடம் பிடித்து
நாற்பது நிமிசம் அசையாமல் கிடந்தது,
பத்திரம் பதிந்த மாதிரி.

மிருணாளினி மேடம் கண்ணை மூடியபடி
உதடு அசையாமல் கேட்டார்,
"இப்ப எவ்வளவு பெருசு?"
சுண்டுவிரல் என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, "இப்ப?"
பெருவிரல்.
"சமத்து" என்றார்.
யாரை என்று கேட்கவில்லை.

மஞ்சள் தூவினால் விழுந்துவிடும்.
குடித்ததைக் கக்க வைத்து, கழுவி,
போத்தலில் விட்டுப் பெயர் ஒட்ட வேண்டும்.
என் வேலை அதுதான்.
ஒருவருடைய அட்டை இன்னொருவருக்கு ஆகாது.
மிருணாளினி, அண்ணாநகர், இடது கன்னம், மூன்று.

மறுநாள் அவர் முகம் மினுங்கியது.
அது உண்மை, மறைப்பானேன்.

கார்த்திகையில் போனவர்
தையில் வருவதாகச் சொன்னார்.
தை போனது. பங்குனியும் போனது.
மூன்று நாளுக்கொரு தரம் கிணற்றுத் தண்ணீர் மாற்றுகிறேன்.
குழாய்த் தண்ணீர் பட்டால் செத்துவிடும்.
ஆறு மாசம் பட்டினி தாங்குமாம்.
அதற்கு மேலே போனால்
உப்பைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

என் குடும்ப அட்டையில் பெயர் தப்பாக விழுந்து
கூடலூருக்கு ஒன்பது தரம் போய் வந்தேன்.
செபமாலையை இன்னும் செம்மலை என்றுதான் எழுதியிருக்கிறது.
இந்த அட்டைக்கு
ஒரு எழுத்துப் பிழை இல்லை.

நேற்று வைகாசி ஒன்று.
போத்தலைத் தூக்கியதும்
உள்ளங்கைச் சூட்டுக்கு நீண்டு வந்து
கண்ணாடியில் வாயை வைத்தது.
மேடம் இல்லை, நான்தான் என்றேன்.
விடவில்லை.
பெயரைப் பார் என்று
போத்தலைத் திருப்பிக் காட்டினேன்.
அதுவும் கூடவே திரும்பி
இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.