தவளைகளுக்கு உரிமம் இல்லை

பீடோங் ஆலையின் எடைமேடையில்
நாளெல்லாம் நான் சொல்வது கிலோ.
குலை ஏற்றிய லோரி,
இறக்கிய பின் வெறும் லோரி,
கழித்தால் செம்பனை.
பதினாறு வருடமாய் இந்த ஒரே கணக்கு.

பிப்ரவரியில் அலோர் ஸ்டாருக்குப் பஸ் ஏறிப்
பரீட்சை எழுதினேன்.
நோட்டு முழுக்க
ஓம் ஓம் என்று எழுதிக் கிடந்ததைப் பார்த்து
விரதம் என்று நினைத்த மாமியார்
மூன்று நாள் மீன் வாங்கவில்லை.
மின்தடையை அளக்கிற அலகு அத்தை, என்று
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
ஏறக்குறைய விரதம்தானே.

அழைப்புக்குறி வந்தது:
ஒன்பது, விஸ்கி, இரண்டு,
பிறகு எனக்கே எனக்கான மூன்று எழுத்து.
சமையலறையில் உரக்கச் சொல்லிப் பழகினேன்.
இந்த வீட்டில் விஸ்கி என்ற சொல்லைச் சொல்லி
நாலு வருடமாகிறது.
மணிமாறன் டிவியிலிருந்து திரும்பிப் பார்த்தான்.
எழுத்து, என்றேன்.
வெறும் எழுத்து.
சரி, என்றான். டிவி சத்தத்தைக் குறைத்தான்.

ஏரியல் நட்டதும் அவன்தான்.
குலை வெட்டும் அலுமினியக் கம்பு,
வளைந்துபோனதால் ஆலை கழித்துப் போட்டது.
நுனியில் அரிவாள் இருந்த இடத்தில்
செம்புக் குழாய்.
பக்கத்து வீட்டு சல்மா வேலிக்கு வந்து
புது டிவியா என்று கேட்டாள்.
பேசுவதற்கு, என்றேன்.
கைப்பேசி இருக்கிறதே?
இருக்கிறது.
அதில் எண் தெரிந்தவர்கள் மட்டும்தான்
இருக்கிறார்கள்.

விதிப்புத்தகம் சொன்னது:
அரசியல் பேசாதே. சமயம் பேசாதே.
எதையும் விற்காதே.
எங்கள் சொந்தக்காரர்கள் பேசுகிற பேச்சிலிருந்து
இவற்றைக் கழித்துப் பார்த்தேன்.
நிகர எடை:
மழை, வெயில், சாப்பிட்டாச்சா.

முதல் ராத்திரி, ஒன்பதரை.
ஜெராய் மலை உச்சியின் ரிப்பீட்டர் வழியே
மூன்று ஆண்குரல்கள்
இந்த வருடம் டுரியான் ஏன் பூக்கவில்லை என்று
நிதானமாய்.
ஒரு இடைவெளி.
பொத்தானை அழுத்தினேன்.

லோரிக்காரர்களை அதட்டுகிற இதே வாய்.
பரீட்சையில் எண்பத்தி இரண்டு வாங்கிய இதே தலை.
எட்டு வினாடி
கை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.
விட்டேன்.

'யார் அது?' என்றார் ஒருவர், மலாயில்.
'ஆளைக் காணோம்.
தவளை மட்டும் நன்றாகக் கேட்கிறது.'
'அப்படியானால் மழை. எங்கே மழை?'
'கங்காரில் இல்லை.'
'யானில் காலையிலேயே விட்டுவிட்டது.'
ஒவ்வோர் ஊராய்க் கழித்துக்கொண்டே
என்னைத் தேடினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஆலைக் கால்வாய்.
அதில் ஒன்று முடிக்குமுன் ஒன்பது கத்தும்
ஒழுங்கு தெரியாத கூட்டம்.
பரீட்சை இல்லை, கட்டணம் இல்லை,
எனக்கு முன்னால் மலையேறிவிட்டன.
வெட்கமாக இருந்தது.
கொஞ்சம் கோபம் கூட.

பீடோங், என்றேன்.
பீடோங்கில் மழை.

அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம்,
பெண்குரல் என்பதாலிருக்கலாம்,
பிறகு: 'பெயர்? எழுத்தெழுத்தாக.'

கிலோ.
தொண்டையில் எப்போதும் கிடக்கிற சொல்,
முதல்முறையாக
அதற்கு முன்னால் எண் ஏதும் இல்லாமல்.
கிலோ, ஆஸ்கார், கிலோ,
இந்தியா (நான் போனதில்லை),
லீமா, அல்ஃபா.

'கோகிலா,' என்றார் யானிலிருந்து வான் ரோஸ்லி,
'லீமா சம்பிலான்.'
ஐந்து, ஒன்பது.
அதைவிடத் தெளிவும் இல்லை, பலமும் இல்லை.
என் குரலை
யாரோ நிறுத்துச் சொல்கிறார்கள்.
ரசீது இல்லாததால்
உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை மேடையில் முதல் லோரி.
'எவ்வளவு, அக்கா?'
ஐந்து ஒன்பது, என்றேன்.
'என்னது? ஐந்து டன்னா? நிறைய ஏற்றினேனே!'
இல்லை இல்லை.
பன்னிரண்டு நானூறு.
போ, பின்னால் ஆள் நிற்கிறது.