ஓட்டை ஒன்றுக்கு ஐம்பது வெள்ளி

சுவரில் ஓட்டை போட்டால்
ஒன்றுக்கு ஐம்பது வெள்ளி.
சாவி தரும்போதே சொல்லிவிட்டார் ஆ செங்.

முன்கூடத்தில் என் கணினி.
பின்னறையில் தம்பி நவநீதனுடையது.
நடுவில் சமையலறை.
செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளின் கணக்கை
வட்டில் ஏற்றி, எழுந்து, நடந்து, கொடுத்து,
திருத்தம் வாங்கித் திரும்பி வந்து,
நாளைக்கு முப்பது நடை.
இரண்டு பெட்டிக்கும் இடையில்
நான்தான் கம்பி.

பாடாங் செராயில்
பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில்
நான்கு தொலைபேசிச் செருகிகள் உள்ள வீடு
எங்களுடையது மட்டும்.
முன்பு குடியிருந்தவர் தோட்டத்துக் கிராணி.
கூடத்தில் ஒன்று, சரி.
அறைக்கு ஒன்று, அதுவும் சரி.
அடுப்புக்குப் பக்கத்தில்
கடுகு டப்பா உயரத்தில் எதற்கு?
எண்ணெய்ப் பிசுக்கேறி
வெற்றிலை போட்ட பல் போல இருந்தது அது.

பட்டர்வொர்த் பழைய சாமான் கடையில்
இரண்டு அட்டை, எண்பது வெள்ளி.
பேச்சு போகும் கம்பியிலேயே
காதுக்கு எட்டாத சுருதியில்
கணக்கும் போகும், இது அதைத் தொடாது
என்றான் நவநீதன்.
ஒரே பஸ்ஸில்
முன்சீட்டில் ஒருத்தி அழுதுகொண்டும்
பின்சீட்டில் ஒருவன் தூங்கிக்கொண்டும்
கூலிம் வரை போவதில்லையா, அப்படியா என்றேன்.
அவன் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தான்.

மாட்டினோம்.
கூப்பிட்டுப் பார்த்தோம்.
திரையில் நான்கு வரி:
பதில் இல்லை
பதில் இல்லை
பதில் இல்லை
நாலாவதைப் படிக்கவில்லை.

ஒவ்வொரு மூடியாய்க் கழற்றினேன்.
கூடத்துச் செருகியில் பல்லி முட்டை ஓடு.
என் படுக்கையறையில் எறும்புப் புற்று,
இறக்கை முளைத்ததுகள் வேறு.
உள்ளே நான்கு கம்பி.
சிவப்பும் பச்சையும் உழைக்க
மஞ்சளும் கறுப்பும்
பூசிய நாளிலிருந்து சும்மா படுத்திருந்தன.

அடுப்படிக்கு வந்தேன்.
செம்பில் களிம்பு.
உயிர் போய்விட்ட கம்பி என்று
இரண்டு விரலால் பிடித்துச் சுரண்டும்போது
கூடத்தில் மணி அடித்தது.
மணி அடிப்பது என்றால் என்னவென்று
அன்றைக்குத்தான்
முழங்கைவரை தெரிந்துகொண்டேன்.

கிராணி இருக்காரான்னு ஒரு பொம்பளை,
வச்சிட்டாங்க என்றான் நவநீதன்.
நான் தரையில் உட்கார்ந்து
கையை உதறிக்கொண்டே சிரித்தேன்.
இதுவரைக்கும் ஓடுதுடா.
இதுக்கு அப்பால்தான் அறுபட்டிருக்கு.

களிம்பைச் சுரண்டி, புதிதாய் முறுக்கி,
மூடியை மூடினோம்.
பதில்
பதில்
பதில்
நாலாவதையும் படித்தேன்.

இரவு
ஆறு மாத லோரிக் கணக்கு
ஒரே மூட்டையாய்ப் பின்னறைக்குக் கிளம்பியது.
நூற்றில் பதினொன்று. பன்னிரண்டு.
சும்மா கிடந்த பழைய தொலைபேசியை
அடுப்படிச் செருகியில் மாட்டி வைத்தேன்,
பார்ப்போமே என்று.
குழம்பு தாளிக்கும் நேரம்
அடித்தது.

அலோ என்றேன்.
மறுமுனையில் மூச்சு மட்டும்.
வெங்காயம் சட்டியில் விழுந்து சீறியது.
இன்னும் அடுப்புக்கிட்டதான் வச்சிருக்கீங்களா
என்றது ஒரு பெண்குரல்.

அவர் மாறிப் போயிட்டாருங்க,
நாங்க வந்து எட்டு மாசமாகுது.

தெரியும் என்றாள்.
பிறகு, இன்னிக்கி என்ன கொழம்பு என்றாள்.

கருவாடு என்றேன். கத்திரிக்காய் போட்டு.
புளி குறைச்சலா ஊத்துங்க என்றாள்.
அடுப்பைத் தணித்துவிட்டு
மேசையோரம் சாய்ந்துகொண்டேன்.
அவள் அழுதாளா, சளியா,
கம்பிக்குள் தெரியவில்லை.
பேர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.
கணக்கு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.
ஒரு எண்கூடப் பிசகவில்லையாம்.
பின்னறையிலிருந்து கத்திச் சொன்னான் நவநீதன்.