ஜூலைக்கான சோதனை

காயானியில் சுழியத்துக்குக் கீழே இருபத்தாறு.
ஹெல்யா சன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்.
நான் சோபாவில், இரண்டு கம்பளிக்கு அடியில்,
மூக்கு மட்டும் வெளியே.

சிறுமிகள் அணியின் ஹாக்கி ஆட்டங்கள் ஒன்பது
அவள் வட்டில் கிடக்கின்றன.
வெட்டி, ஒட்டி, சுருக்கி
திங்களன்று பெற்றோர் கைக்குப் போக வேண்டும்.
புதுப்பெட்டி வாங்க வைத்திருந்த பணத்தைக்
காரின் கியர்பாக்ஸ் தின்றுவிட்டது.

மிஞ்சியது இந்த மதர்போர்டு,
நூலகம் கழித்துப்போட்ட பதினாறு வயதுப் பலகை.

டார்ச் அடித்து முதலில் கேபாசிட்டர்களின்
தலைகளைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதெல்லாம் இங்கே செல்லாது;
வீக்கமே கூடாது.
ஒன்று மட்டும் லேசாக உப்பினாற்போல் இருந்தது.
நகத்தால் தடவினாள். பழைய பசை.
பெருமூச்சு விட்டது நான்தான்.

பிராசசரின் முதுகில் வெடித்த களிமண்ணாய்க் காய்ந்திருந்ததை
ஸ்பிரிட்டால் துடைத்து
ஒரு மிளகளவு புதுக்குழம்பு வைத்தாள்.
மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் குட்டிச் சில்லுகள்
அம்மணமாக நின்றன.
செத்துப்போன கிராபிக்ஸ் கார்டிலிருந்து அறுத்த
அலுமினியத் துண்டுகளை
அவற்றுக்குச் சட்டையாக ஒட்டினாள்.
"பிராசசர் அல்ல, முதலில் சாவது இவைதான்."

பிறகு அந்த நீலத் திரை, சுட்டெலி புகாத பழைய ஊர்.
இருநூற்று அறுபத்தாறு, பெருக்கல் ஒன்பது:
அது பிறந்த வேகம்.
நினைவகத்தின் விகிதத்தை இறக்கினாள்,
விரிவுத் தடத்தை முப்பத்து மூன்றில் பூட்டினாள்.
ஓடுகிறவன் ஓடட்டும்,
கூட இருக்கும் வட்டு ஏன் அவனோடு தடுக்கி விழ வேண்டும்?

ஐந்து ஐந்தாக ஏற்றம்.
ஒவ்வொரு ஏற்றத்துக்கும்
மின்கட்டண ரசீதின் பின்புறம் பென்சிலில் ஒரு வரி:
வேகம், வோல்ட், சூடு, எத்தனை நிமிடம் தாங்கியது.
இருமுறை பெட்டி எழ மறுத்தது.
ஜம்பரைப் பிடுங்கிச் செருகினாள்,
எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்தது,
நல்லவேளையாக ரசீது மறக்கவில்லை.

நள்ளிரவில் முந்நூற்று ஐம்பத்தாறு.
மூவாயிரத்து இருநூறு மெகாஹெர்ட்ஸ்!
சூடு ஐம்பத்தொன்று.
நான் கம்பளிக்குள்ளிருந்து கைதட்டினேன்.

ஹெல்யா எழுந்து சன்னலைச் சாத்தினாள்.
ஹீட்டரைக் கடைசிவரை திருகினாள்.
பெட்டியை அதன் அருகே நகர்த்தி
பக்கக் கதவையும் மூடினாள்.
"இவ்வளவு நேரம் பாஸானது பனிக்காலம்,
இந்தப் பலகை அல்ல.
இப்போது ஜூலை."

ஜூலை வந்தது.
எனக்கு வியர்த்தது.
அறுபத்து மூன்று, அறுபத்தெட்டு, எழுபத்தொன்று.
இரண்டே கால் மணிக்கு மூன்றாவது மூளை
ஒரே ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டது.
புகையில்லை, சத்தமில்லை.
சிவப்பில் ஒரு வரி.

இன்னும் ஒரு படி வோல்ட் கொடுக்கலாம்,
தயாரித்தவன் அனுமதித்த எல்லைக்கு
இன்னும் இடம் இருக்கிறது.
அவள் விரல் விசைமேல் நின்றதைப் பார்த்தேன்.
நானும் சோட்கமோ சாலையில்
முப்பது பயணிகளோடு பேருந்து ஓட்டுகிறவன்தான்;
எண்பது எழுதிய பலகைக்குக் கீழே
ஐம்பதில் போகும் இரவுகள் எனக்கும் உண்டு.
ஆனாலும் "அழுத்து" என்றுதான் சொன்னேன்,
தூக்கக் கலக்கம்.

அவள் கீழ்நோக்கி அழுத்தினாள்.
முந்நூற்று முப்பத்து மூன்று. மூவாயிரம். போதும்.
வோல்ட்டையும் ஒரு படி இறக்கி
மறுபடி முதலிலிருந்து சோதனை.

விடிந்தபோது, அதாவது ஒன்பதரைக்கு,
சிவப்பு வரி எதுவும் இல்லை.
ஆட்டத்துக்கு ஒன்பது மணி நேரம் கேட்ட வேலை
இனி ஏழில் முடியும்.
திரையில் ஒரு கோல்கீப்பர் சிறுமி
பல்லில்லா வாயோடு கத்திக்கொண்டிருந்தாள்.

பனியில் நனைந்த என் கையுறைகளைப்
பெட்டியின் மேல் காயப்போட்டேன், இதமாக இருந்தது.
திரும்பிப் பார்க்காமலேயே
எடுத்து ஹீட்டர்மேல் போட்டாள் ஹெல்யா.
"அது மூச்சு விடும் இடம்."