இரண்டு ஷட்டர்

ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு
இன்னொரு ஷட்டரடிக்குப் போவேன்:
குடமுருட்டி மதகு.
தண்ணீர் நிறுத்திப் பத்து நாள்.
ஆறெல்லாம் மணல், மதகுக்குக் கீழே மட்டும் ஒரு மடு.
இடுப்பளவா கழுத்தளவா,
கெண்டைகளுக்குத்தான் தெரியும்.

பாபநாசம் கடைவீதியில்
தூண்டில் சாமான் விற்கிற ஒரே பெண் நான்.
நூர்ஜமீலா சைக்கிள் மார்ட் என்று போர்டு,
சைக்கிள் ஒன்றுகூட இல்லை.
முள், நரம்பு, மிதவை, ஈயக்குண்டு,
கல்லாவுக்குப் பின்னால்
பளபளவென்று இரை மாவுப் பாக்கெட்.
கட்லாவுக்குப் பச்சை, ரோகுவுக்குச் சிவப்பு,
நூற்றி எண்பது ரூபாய்.
உள்ளே என்ன என்று கேட்டால்
திருப்பிக் காட்டுவேன்.
எழுத்து எறும்பைவிடச் சிறியது.

என் தூண்டிலுக்கு அது ஆகாது.
சனிக்கிழமை ராத்திரி
கடலைப் புண்ணாக்கை ஊறப்போட்டு,
தவிட்டை வெறும் சட்டியில் மணம் வர வறுத்து,
கறுத்துப்போன பூவன்பழம் ஒன்று,
பெருங்காயம் சுண்டைக்காயளவு,
பிடிமானத்துக்கு மைதா.
எவ்வளவு மைதா என்பதில்தான் உயிர்.
கூடினால் ரப்பர், மீன் மென்று துப்பிவிடும்.
குறைந்தால் தண்ணீர் பட்டதும் கரைந்து
மொட்டை முள் தொங்கும்.
உன் காது மடலைத் தொட்டுப் பார்,
மாவைத் தொட்டுப் பார்,
இரண்டும் ஒன்றானால் போதும்.

ஆனால் மதகில் உட்கார்ந்திருப்பவர்கள்
பாதிக்கு மேல் என் வாடிக்கை.
நான் புண்ணாக்கு உருட்டுவதைப் பார்த்தால்
திங்கட்கிழமை யார் வருவார்கள்?
காலிப் பாக்கெட்டில் அடைத்து,
வாயை மடித்து, கிளிப் போட்டுக் கொண்டுபோவேன்.
சிவப்புப் பாக்கெட்,
பெயர் வெளியே தெரிகிற மாதிரி.

மூன்றாம் கண்ணுக்கு மேல் தெய்வசிகாமணி.
மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர்.
என் கடைப் படி மிதிக்காதவர்.
"கடை மாவு மீனுக்கில்லப்பா,
மீன் புடிக்கத் தெரியாதவனுக்கு" என்பார்,
சரியாக எனக்குக் கேட்கிற சத்தத்தில்.
அவர் இரை எவர்சில்வர் சம்படத்தில் வரும்.
சொந்தக் கைப்பக்குவம்,
பொண்டாட்டிக்கே சொன்னதில்லையாம்.
திறப்பார், கிள்ளுவார், மூடுவார்,
உள்ளே தேள் இருப்பதுபோல.

அன்று காற்று அவர் பக்கமிருந்து.
சம்படம் திறந்தது.
வந்தது மணம்.
பதினோரு மாதமாகக் கல்லாவில்
என் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிற மணம்.
ஸ்ட்ராபெர்ரி என்று அச்சடித்த,
எந்தப் பழத்திலும் இல்லாத,
துணியில் பட்டால் மூன்று சலவை தாங்குகிற மணம்.
பச்சைப் பாக்கெட்!

வாரா வாரம் ஒரு பையன் வருவான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் இரண்டு வாங்குவான்.
யாருக்கு என்றால் சிரிப்பான், பில் வேண்டாம் என்பான்.
சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர்.
அந்த டெஸ்டர் விளக்கு
எனக்கு இப்போதுதான் எரிந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
காற்று திரும்பியது.
இப்போது அவர் மூக்கு தூக்கியது.
பெருங்காயம் ஒளித்துவைக்கிற சாமானா?
என் பாக்கெட்டைப் பார்த்தார்,
என் நக இடுக்கைப் பார்த்தார்.
தவிடு.
சம்படத்தை மெல்ல மூடினார்.

அந்த நேரம் பார்த்து
இரண்டு மிதவையும் சேர்ந்தே முங்கின.
இழுத்தால் என் நரம்போடு அவர் நரம்பும் வருகிறது,
முறுக்கிக்கொண்டு,
முனையில் முக்கால் கிலோ ரோகு துள்ளத் துள்ள.
வாயில் ஒரே ஒரு முள்.
யார் முள் என்று சிக்கெடுத்தால் தெரிந்துவிடும்.
இருவருமே சிக்கில் கை வைக்கவில்லை.

"என்ன மாவும்மா?"
"பாக்கெட்டுதான் சார். உங்களது?"
"வீட்டுலதான்."
ரோகு மட்டும்
வாயைத் திறந்து திறந்து மூடியது.

பேசாமல் நரம்பை அறுத்தார்,
மீனை என் வாளியில் போட்டார்.
பாதி வழியில் நினைத்துக்கொண்டேன்,
அறுத்தது என் நரம்பையும் சேர்த்து.
மீட்டர் எட்டு ரூபாய்.

அடுத்த சனிக்கிழமை பையன் வந்தான்.
ஒரு பாக்கெட் போதும் என்றான்.
சில்லறை வாங்கிய பிறகும் நின்றான்,
ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கேட்டான்:
"அக்கா, பெருங்காயம்
கட்டியா, தூளா?"

கட்டி.