முக்கிய கணம்

ஜூரோங்கில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சன்னல் இல்லை.
மழை பெய்ததா என்று
சுல்ஹெல்மியின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஆற்றோரம் வடிகால் தோண்டியவர்கள்
சேற்றோடு அனுப்பிவைத்த கிண்ணம்.
பாதிதான் இருக்கிறது.
மறுபாதியை ஆறு வைத்திருக்கலாம்,
பழைய சாமான் வாங்குகிறவர் எடைபோட்டிருக்கலாம்.
அடியில் ஓர் அரிசி, விளிம்பில் ஓர் அரிசி
வெட்டிக்கொள்ள ஏழு கையெழுத்து வாங்கினேன்.

அரிசிகளைப் பிசினில் புதைத்தேன்.
உப்புத்தாளில் தேய்த்தேன், பிறகு வைரப்பசையில்:
ஆறு மைக்ரான், மூன்று, ஒன்று,
கூரைவிளக்கு அதில் புள்ளியாய் விழும்வரை.
ஒரு சொட்டு அமிலம்.
ஐந்து எண்ணிக் கழுவினேன்.

செம்பு எழுபத்தேழு. வெள்ளீயம் இருபத்திரண்டு.
மிச்சம் ஒன்றில்
ஈயம், இரும்பு, துளி ஆர்செனிக்,
எங்கள் ஆற்றின் உப்பு.

இவ்வளவு வெள்ளீயம் கலந்த வெண்கலம் ரோஷக்காரி.
செக்கச் சிவந்திருக்கும்போது மட்டும்
சுத்தியலுக்கு வளைவாள்.
சிவப்பு ஆறுமுன் தண்ணீரில் முக்கினால்
பொன்னிறம்; தட்டினால் கணீர்.
ஆறவிட்டு முக்கினால்
ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விரிவாள்.

நுண்ணோக்கியில், அடிப்பக்க அரிசி முழுக்க ஊசிகள்.
முக்கிய கணத்தில் அப்படியே விறைத்தவை.
முக்கிய கணம் என்று தமிழில் எழுதினால்
இரண்டு பொருள் வரும்.
இரண்டும் இருக்கட்டும்.

விளிம்பில் ஊசியே இல்லை.
நீலச்சாம்பல் திட்டுகள்,
அவற்றை அறுத்துக்கொண்டு ஒரு விரிசல்,
விரிசலுக்கு மேல்
குச்சியால் அமுக்கினாற்போல் ஈய ஒட்டு.
அடுப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில்
யாரோ நின்றிருக்கிறார்.

எவ்வளவு நேரம்?

துவாஸில் ஓர் உலையை வாடகைக்கு எடுத்தோம்.
அதே கலவை, அதே கனம்.
அரை நொடி தாமதம், ஒரு நொடி, ஒன்றரை என்று
பன்னிரண்டு வில்லைகள் அடித்தோம். எல்லாவற்றிலும் ஊசி.
மூன்று நொடியோடு நிறுத்திக்கொண்டோம்.
அதற்குமேல் எந்தக் கன்னாரும் நிற்கமாட்டார்
என்று அட்டவணையின் கீழே நான்தான் எழுதினேன்.

பதின்மூன்றாவது, சும்மா ஒரு சரிபார்ப்புக்கு.
இடுக்கியோடு திரும்புகிறேன்,
தீயணைப்பு ஒத்திகை மணி.
கூரையைப் பார்த்தேன்.
அவ்வளவுதான் செய்தேன், கூரையைப் பார்த்தேன்.
பிறகு முக்கினேன்.
சுர்ரென்று ஆவி, அது அடங்கியதும்
மிகச் சின்னதாக ஒரு டிக்.

சுல்ஹெல்மியின் கைப்பேசியில் பதிவாகியிருந்தது:
நான்கு நொடி, கொஞ்சம் கூட.

கீழே வெயிலில், லாரிகளுக்கு நடுவே
மஞ்சள் மேலங்கியில் பூன் கியாட்.
"ஆறு நிமிஷம் லேட்" என்று படிவத்தை நீட்டினார்.
அதில் காரணத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.
வெண்கலம் என்று எழுதினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.
"அடுத்த தடவை அதைக் கீழே போட்டுட்டு ஓடி வா."

பதின்மூன்றின் விளிம்பில் ஊசி இல்லை.
நீலச்சாம்பல்.
இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது
எது எங்களுடையது என்று
சுல்ஹெல்மி தப்பாகச் சொன்னான்.

என் அறிக்கையில் கட்டங்கள் உண்டு:
கலவை, செய்முறை, சேதம், பிறப்பிடம்.
பிறப்பிடத்தில், ஈய ஐசோடோப்பு
இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே நிற்கிறது,
பழம்பாத்திரம் உருக்கிச் சேர்த்திருக்கக்கூடும் என்று எழுதினேன்.
சேதத்தில், நான்கு நொடி.
காரணத்துக்குக் கட்டம் இல்லை.
அவருக்கு மணி அடித்ததா, மழை வந்ததா,
யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா,
அது அமிலத்தில் தெரியாது.

கிண்ணத்தைப் பெட்டியில் வைக்குமுன்
சாய்வெளிச்சத்தில் கடைசியாக ஒருமுறை திருப்பினேன்.
ஈய ஒட்டின் மேல் மெல்லிய கோடுகள்,
ஒன்றன்மேல் ஒன்று, எல்லாம் ஒரே சாய்வில்.
கரண்டி உரசியவை.
விரிந்த கிண்ணத்தில்
வெகுகாலம் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

நூற்றுப் பத்துவரை எண்ணியிருப்பேன்.
பூன் கியாட் விளக்கணைக்க வந்தார்.