நண்டு

படிவத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில்
பூங்காக் குளத்து வாத்துப் படகு என்று எழுதி
அடித்துவிட்டு
இல்லை என்று எழுதினேன்.
ஹாக்கியில் இடம் கிடைக்காமல் வந்தவளா
என்று எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை.

முதல் வாரம் படகே இல்லை.
சீருடையோடு நீச்சல்குளத்தில் குதிக்கச் சொன்னார்கள்.
பத்து நிமிடம் மிதந்தால் போதும்.
பாவாடை குடையாய் விரிந்து மேலே வந்தது.
ரங்கிமாரியே சிரித்தாள்,
அவளுடையது மேலே வரும்வரை.

இரண்டாம் வாரம் தூக்கினோம்.
ஆற்றில் போவதற்கு முன்
படகு எங்கள் தலைமேல் போகிறது,
கவிழ்ந்தபடி, நான்கு பேர் தோளில்.
பின்னாலேயே ஓடெட்,
"கம்பம்! கம்பம்! இடது, உங்கள் இடது!"
ஓடெட்டுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பதினைந்து.
என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.
அவள்தான் சுக்கான்.

படகுக்கென்று காலணிகள் இருக்கின்றன.
பலகையோடு திருகி வைத்தவை.
நாம் போட்டுக்கொள்வதில்லை,
அவற்றுக்குள் போய் இருந்துவிட்டு வருகிறோம்.
மூன்றாம் இருக்கையின் வலது காலணிக்குள்
மார்க்கரில் ஒரு பெயர்: ஜி. டன்வுடி.
எந்த ஆண்டு வந்தாள், ஏன் போனாள், தெரியாது.
பெரிய பாதம்.
என் குதிகாலுக்குப் பின்னால்
இன்னொரு குதிகாலுக்கு இடமிருந்தது.

காலை ஐந்தே முக்கால்.
வாங்கானுயி ஆறு
பால் ஊற்ற மறந்த தேநீர்.
மலைப்பக்கம் எங்கோ இரவெல்லாம் மழை.
வேரோடு ஒரு வில்லோ மரம்
எங்களைவிட நேராக மிதந்து போனது.
வெரிட்டி அதற்குக் கைதட்டினாள்.
கைதட்டத் துடுப்புகளை விடக் கூடாது என்பதை
நான்கு பேரும் சேர்ந்து
குளிர்ந்த நீரில் கற்றோம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று:
போகிற இடம் எப்போதும் முதுகுக்குப் பின்னால்.
கடந்து வந்ததெல்லாம் கண்ணுக்கு எதிரே.
வருவதைப் பார்ப்பவள் ஓடெட் ஒருத்தி.
மராமாவின் பின்னலுக்கும் காதுக்கும் நடுவே
ஓடெட்டின் ஒரு கண் எனக்குத் தெரியும்.
அதுதான் எனக்கு வாய்த்த ஜன்னல்.
பாலத்தின் தூண் வந்த அன்று
அது முழு முட்டையாய் இருந்தது.

"நண்டு பிடித்துவிட்டாய், மூன்று!"
நண்டெல்லாம் ஒன்றுமில்லை.
துடுப்பின் அலகு நீருக்குள் மாட்டிக்கொண்டால்
அதற்கு அந்தப் பெயர்.
அடியிலிருந்து யாரோ தட்டையான கையால்
பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பதுபோல.
கைப்பிடி விலாவில் வந்து குத்தும்.
அன்று ஆறு நண்டு. வியாழக்கிழமை நான்கு.
ஒவ்வொன்றுக்கும் ஸாரி சொன்னேன்.
"ஸாரிக்கு இருக்கிற மூச்சு
இழுப்பதற்கு இல்லையா?" என்றாள் அந்தப் பொடிசு.

கணக்கு வகுப்பில்
கொப்புளம் உடைந்த கையால் முக்கோணம் வரைந்தேன்.
மூன்று பக்கமும் நடுங்கின.

ஐந்தாம் வாரம், செவ்வாய்.
மூடுபனி. பாலத்தைக் காணோம்,
இரண்டு கரையையும் காணோம்.
ஓடெட் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்,
ஏனென்று பிறகும் அவள் சொல்லவில்லை.
நான்கு இருக்கைகளின் சக்கரச் சத்தம்
எப்போது ஒன்றானது என்று கவனிக்கவில்லை.
படகின் அடியில்
சோடா ஊற்றுவதுபோல் குமிழிகள் ஓடின,
என் தொடையெலும்பில் கேட்டது.
மராமாவின் பின்னல் போனது, வந்தது.
நான் போனேன், வந்தேன்.
யார் இழுக்கிறார்கள் என்று சொல்ல முடியாதபடி
ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது.
ஒன்பது.
பத்து.
பதினொன்று என்று எண்ணியதுதான் தப்பு.

விலாவில், அதே இடத்தில்.

படகு ஒருக்களித்து நின்றது.
இந்த முறை ஸாரி சொல்லவில்லை.
நான் பார்க்கிற பக்கத்தில்
எங்கள் சுழிகள் இன்னும் மூடாமல்
இரண்டிரண்டாய், ஒரே இடைவெளியில்
பனிக்குள் போய்க்கொண்டிருந்தன.
நாங்கள்தான் போட்டோமா என்று
ரங்கிமாரியே கேட்டாள்.

ஓடெட் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
"மறுபடி" என்றாள்.
எங்கோ கரையில் ஒரு நாய் குரைத்தது.
எந்தக் கரை என்று தெரியவில்லை.